மேட்டில் மட்டும் மூச்சிரைத்த பிக்கப்: இரண்டு சனிக்கிழமை வேலை

கொலராடோவில் டில்லன் ஏரிக்கரையில் மூன்று நாள் தங்கிவிட்டு டென்வருக்குத் திரும்பும்போதுதான் வண்டி கைவிட்டது. சில்வர்தோர்ன் ஊரைத் தாண்டியதும் இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலை மலை ஏறத் தொடங்கிவிடும். சுமார் எட்டு மைல் ஏற்றம், சில இடங்களில் 7 சதவீதச் சரிவு, உச்சியில் 11,158 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கம். என் பிக்கப்புக்குப் பின்னால் 26 அடி நீள டிரெய்லர். நான்காவது மைலில் ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்தும் வேகம் 52 மைலிலிருந்து இறங்கிக்கொண்டே போய் 28-க்கு வந்தது. டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது. குலுக்கல் இல்லை, புகை இல்லை, வெப்ப முள் சிவப்பைத் தொடவில்லை. பலம் மட்டும் போய்விட்டது.

"என்னங்க, ஓரமா நிறுத்திடுங்க. பின்னாடி லாரி நெருங்கி வருது" என்றாள் மனைவி. நிறுத்தினேன். இன்ஜினை அணைக்காமல் இருபது நிமிடம் ஐட்லிங்கில் விட்டேன். அப்புறம் பாதி மிதியில், வலது ஓரத் தடத்தில், ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு, சரக்கு லாரிகளுக்குப் பின்னால் முப்பது மைல் வேகத்தில் ஏறிச் சுரங்கத்தை அடைந்தோம். வீட்டுக்கு வந்து டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். புது வண்டி மாதிரி பாய்ந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை கூடியது. பாரம் இல்லாதபோது முகத்தையே காட்டாத பழுதை எங்கே போய்த் தேடுவது?

எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம்) வைத்த எந்த வண்டிக்கும் வரக்கூடிய பழுதுதான் இது. ஆறு வயதான பிக்கப், பெட்ரோல் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின், டர்போ இரண்டு, 92,000 மைல் ஓடியது. செகண்ட் ஹேண்டாக வாங்கி மூன்று வருடமாகிறது.

பதினைந்து வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கிறவர்கள் பெரும்பாலும் எட்டு சிலிண்டர் வி8 தவிர வேறு பெட்ரோல் இன்ஜினைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2011 மாடல் எஃப்-150-இல் ஃபோர்டு 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6-ஐ வைத்த பிறகு நிலைமை மாறியது. டொயோட்டா 2022 மாடலில் டண்ட்ராவின் 5.7 லிட்டர் வி8-ஐயே நிறுத்திவிட்டு இரட்டை டர்போ வி6-க்குப் போனது. காரணம் என்ன என்று இந்த இரண்டு டண்ட்ராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரியும். பழைய வி8 401 பவுண்டு-அடி டார்க் (சுழற்று விசை) கொடுத்தது, அதுவும் 3,600 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) போன பிறகு. புதிய வி6 479 பவுண்டு-அடியை 2,400 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. பாரம் இழுக்கிறவனுக்கு இது பெரிய சுகம். மேட்டில் வி8 கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டு ஓட்டுகிறவர் தானாகவே காலைத் தளர்த்துவார். டர்போ கத்தாது. உள்ளே எவ்வளவு உழைக்கிறது என்று காதுக்குத் தெரியாது. மூன்று வருடம் நான் அந்த அமைதியை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன்.

மலை உயரத்தில் அந்த உழைப்பு இன்னும் கூடும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). டென்வரில் சுமார் 12. ஐசன்ஹோவர் சுரங்க வாயிலில் 10-க்கும் கீழே. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பலத்தை இழக்கும், அதாவது அந்த உச்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ வண்டி அந்த இழப்பை ஈடுகட்டிவிடும் என்பதால்தான் கொலராடோக்காரர்களுக்கு அதன் மேல் இவ்வளவு ஆசை. ஆனால் ஈடுகட்டுவது இலவசமாக நடப்பதில்லை. இன்ஜினுக்குள் மொத்தம் 25 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் டர்போ காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் போதும். சுரங்க வாயிலில் கிட்டத்தட்ட 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அந்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், வெளியே வரும் காற்றும் அவ்வளவுக்கு அதிகமாகச் சுடும்.

முதல் சனிக்கிழமை

வண்டியின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் போனில் பார்த்தேன். பி0299. கேட்ட அளவுக்கு டர்போ அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் டர்போவையே மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. ஆயிரக்கணக்கான டாலர் செலவு. குறியீடு சொல்வது அழுத்தம் இல்லை என்பதை மட்டும்தான். டர்போ அழுத்தவில்லையா, அழுத்திய காற்று வழியில் எங்காவது கசிகிறதா என்று அது சொல்லாது.

டிரெய்லரை மறுபடி மாட்டிக்கொண்டு டென்வருக்கு மேற்கே ஜெனசீ ஏற்றத்துக்குப் போனேன். மகள் பக்கத்து இருக்கையில் போனை வைத்துக்கொண்டு எண்களைப் பதிவு செய்தாள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்ஜின் கேட்டது 16 பிஎஸ்ஐ, கிடைத்தது 9. எக்ஸாஸ்ட் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு முழுக்க மூடியிருந்தது, அதாவது டர்போ தன்னால் முடிந்த மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸ், வெளியே 27. "அப்பா, கேக்கறது ஏறிக்கிட்டே போகுது, கிடைக்கறது அங்கயே நிக்குதுப்பா" என்றாள். நோயை அவளே சொல்லிவிட்டாள். கசிவு இருந்தால் அதை ஈடுகட்ட டர்போ இன்னும் இன்னும் வேகமாகச் சுற்றும். இப்படியே இன்னும் நாலு மலை ஏறியிருந்தால் நல்ல டர்போவும் போயிருக்கும்.

கசிவு தேடும் கருவியை வீட்டிலேயே செய்தேன். குழாய்க் கடையில் கிடைக்கும் ரப்பர் மூடி இரண்டு, ஏனென்றால் டர்போ இரண்டு. ஒன்றில் துளை போட்டு டயர் வால்வைச் செருகினேன். ஏர் ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாய்களைக் கழற்றி, டர்போ காற்று உறிஞ்சும் இரண்டு வாய்களையும் அந்த மூடிகளால் அடைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குப் போகும் சின்னக் குழாய்களையும் அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆயில் சீல்கள் மீது அழுத்தம் ஏறிவிடும். பிறகு கம்ப்ரசரின் ரெகுலேட்டரைப் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். இதைச் செய்பவர்கள் கண்ணாடி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கழன்று பறக்கும் ரப்பர் மூடி பல்லை உடைத்துவிடும்.

5 பிஎஸ்ஐ. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து எல்லா இணைப்பிலும் தெளித்தேன். ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மெல்லிய சீறல் கேட்டது. வால்வு திறந்த நிலையில் நிற்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். அதைக் கேட்டு ஏமாறக் கூடாது. 10 பிஎஸ்ஐ. அப்போதும் ஒன்றுமில்லை. சந்தேகம் வந்துவிட்டது, டர்போதான் போய்விட்டதோ என்று. 14-ஐத் தொட்டதும் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம், பிரஷர் குக்கர் வெயிட் தூக்கப்போகும் முன் வருமே அந்த மாதிரி. படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்டர்கூலரிலிருந்து இன்ஜினின் காற்று வாயான திராட்டில் பாடிக்குப் போகும் பெரிய ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மடக்கியபோது வாய் திறந்தது: கட்டைவிரல் நக நீளத்துக்கு ஒரு கீறல். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தாங்கியில் உரசி உரசி வெளிப்பக்கம் தேய்ந்து, கடைசியில் உள்ளே வரை போயிருக்கிறது. கையை விட்டால் உதடு மாதிரி மூடிக்கொண்டது. சமதளத்தில் ஓடும்போது 4, 5 பிஎஸ்ஐதான் வரும், கீறல் மூடியே இருக்கும். டிரெய்லரோடு மேடு ஏறினால்தான் திறக்கும். ஹோஸுக்கு நேர் கீழே கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒரு கை அகலத்துக்குப் படிந்திருந்தது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அதைப் பார்த்திருக்கிறேன்; ஏதோ ஆயில் சிந்தியது என்று துடைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

புது ஹோஸ் மாட்டினேன். மாட்டும் முன் இரண்டு முனைகளையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டேன். எண்ணெய்ப் படலம் இருந்தால் எவ்வளவு நல்ல கிளாம்ப் போட்டாலும் அழுத்தத்தில் வழுக்கிக் கழன்றுவிடும். உரசும் இடத்தில் பழைய ஹீட்டர் ஹோஸ் துண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்து உறையாக மாட்டினேன். மறுபடி 15 பிஎஸ்ஐ ஏற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்தேன். எங்கும் நுரை இல்லை.

ஞாயிறு காலை மறுபடி ஜெனசீ. கேட்டது 16, கிடைத்தது 15.5. சந்தோஷம் இரண்டு மைல்தான் நீடித்தது. முழு மிதியில் வண்டி சின்னதாக விக்கியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விடுவது போல இருந்தது. நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. காற்று முழுசாக வரத் தொடங்கியதும் அடுத்த குறை வெளியே வந்துவிட்டது.

இரண்டாம் சனிக்கிழமை

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருடம் லாரி மெக்கானிக்காக வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்பதுதான். நான் மாற்றியதே இல்லை. கையேட்டில் ஒரு லட்சம் மைல் என்று இருக்கிறதே என்றேன். அந்த ஒரு லட்சம் டிரெய்லர் இழுக்காதவனுக்கு, நீ பாதியில் மாற்றியிருக்க வேண்டும் என்றார்.

இன்ஜின் இரவெல்லாம் ஆறிய பிறகு காலையில் தொடங்கினேன். இன்ஜினின் அலுமினியத் தலையில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் காற்றடித்து மண்ணை ஊதித் தள்ளினேன். இந்த வேலையை விட்டால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள்தான் விழும். ஆறு பிளக்கையும் வரிசையாகத் துணியில் வைத்து ஃபீலர் கேஜால் அளந்தேன். கையேடு சொல்லும் இடைவெளி 0.75 மில்லிமீட்டர். ஐந்து பிளக் 0.95-லிருந்து 1 வரை. நான்காவது 1.1. அதன் காயிலின் ரப்பர் உறைக்குள் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கருங்கோடு மேலிருந்து கீழாக ஓடியது. மின்சாரம் தாண்ட வேண்டிய இடத்தில் தாண்ட முடியாமல், உறையின் சுவர் வழியாகத் தப்பிப் போன தடம் அது.

டர்போ வண்டிக்கு பிளக் இடைவெளி இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அடர்த்தியோ, பொறி தாண்டுவதற்கு அவ்வளவு அதிக வோல்டேஜ் வேண்டும். பாரம் இல்லாமல் ஓட்டும்போது 1.1 மில்லிமீட்டரையும் காயில் சமாளித்துவிடும். முழு அழுத்தத்தில் முடியாது. ஹோஸ் கிழிந்திருந்த வரைக்கும் சிலிண்டருக்கு அந்த அழுத்தமே போகவில்லை, அதனால் பிளக்கின் தேய்மானம் தெரியவே இல்லை. ஒரு பழுது இன்னொன்றை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

புது பிளக்குகளையும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடாமல் அளந்து பார்த்தேன், ஒன்று 0.85 இருந்தது, சரிசெய்தேன். முதல் சில மரைகளைக் கையால் சுற்றி, கடைசியில் டார்க் ரெஞ்ச். மரையில் கிரீஸ் எதுவும் தடவாதே என்று பெரியவர் எச்சரித்தார். வழுக்கலில் டார்க் கணக்குத் தப்பி, தேவைக்கு மேல் இறுகிவிடும். காயில் உறைகள் ஆறையும் மாற்றிவிட்டேன்.

கையோடு ஆயிலையும் வடித்தேன். குச்சியை முகர்ந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில், குளிர்காலத்தில் குறைந்த தூரத்துக்கே அடிக்கடி ஓட்டினால் இது நடக்கும். ஆயிலில் பெட்ரோல் கலந்தால் ஆயில் இளகும். டர்போவின் அச்சோ அந்த ஆயில் படலத்தின் மேல்தான் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் பெரும் பாரம் இழுக்கும்போது, பொறி விழும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று டர்போ இன்ஜின்களுக்கு உண்டு, பிஸ்டனையே உடைத்துவிடும். அதைத் தடுக்கும் சோதனையைத் தாண்டிய ஆயிலுக்கே 2020-லிருந்து அந்த முத்திரை. டிரெய்லர் மாட்டியதும் பாரம் இழுப்பதற்கான டோ மோடு பொத்தானை அழுத்துவதற்கும் இது ஒரு காரணம்: கியர் இறங்கி ஆர்பிஎம் மேலேயே நிற்கும், இன்ஜின் முக்காது.

இன்னொரு தப்பு பெட்ரோல் பங்கில் நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் ரெகுலர் பெட்ரோல் என்றால் 87 ஆக்டேன் (பெட்ரோல் தானாகப் பற்றாமல் அழுத்தத்தைத் தாங்கும் தரத்தின் எண்). கொலராடோவில் ரெகுலர் 85. (நம் ஊர் பங்கில் எழுதியிருக்கும் 91-ஓடு இதை ஒப்பிடாதீர்கள், அளக்கும் முறையே வேறு.) டர்போ இல்லாத பழைய இன்ஜின்களுக்கு மலை உயரத்தில் 85 போதுமானதாக இருந்தது. காற்று லேசு, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு, அதனால் நாக்கிங் (எரிபொருள் தானாகப் பற்றி வரும் தட்டல்) வராது. டர்போ அந்த லேசான காற்றைக் கடல்மட்ட அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தித் திணிக்கிறது. உயரத்தால் வந்த சலுகை அங்கேயே போய்விடுகிறது. என் கையேட்டில் குறைந்தது 87 என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது, பாரம் இழுக்கும்போது 91 போடச் சொல்கிறது. நான் மூன்று வருடமாக 85 போட்டேன். நாக் சென்சார் அதைக் கண்டுபிடித்து இக்னிஷனைத் தாமதப்படுத்தும், இன்ஜின் தப்பித்துக்கொள்ளும். ஆனால் பலம் குறையும், எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகி டர்போவைச் சுடும். இப்போது டிரெய்லர் மாட்டும் நாளில் 91-தான்.

எடையையும் அந்த வாரமே பார்த்தேன். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், யாரும் காசு கொடுத்து நிறுத்துப் பார்க்கலாம். டிரெய்லர் 3,080 கிலோ. வண்டியின் விளம்பர இழுவைத் திறனில் இது முக்கால் பங்கைக் கூடத் தொடவில்லை, அதனால் நிம்மதியாக இருந்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒரு மஞ்சள் ஒட்டி இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. என் வண்டியில் 698 கிலோ. டிரெய்லரின் மூக்கு வண்டி மேல் இறக்கும் பாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். மூக்குப் பாரம் 399, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 45, நாங்கள் நாலு பேர் 254, ஜெனரேட்டரும் சைக்கிளும் ஐஸ் பெட்டியும் 109. கூட்டினால் 807. இழுவை எல்லையை நெருங்கவே இல்லை, சுமை எல்லையை எப்போதோ தாண்டிவிட்டேன். ஜெனரேட்டரும் சைக்கிள்களும் டிரெய்லரின் அச்சுக்கு மேலே போயின.

அந்த விளம்பர எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்ஏஇ ஜே2807 என்ற தரத்தின்படிதான் கம்பெனிகள் இழுவைத் திறனைச் சோதிக்கின்றன. அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுக்க வைத்து ஏறிக்காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான், மதிக்கிறேன். ஆனால் அந்த ஏற்றம் முடிகிற இடமே டென்வர் நகரத்தை விடத் தாழ்வானது. 11,000 அடிக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் அந்த எண்ணுக்குக் கீழே நிறைய இடம் விட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

பழுது விஷயம் கேள்விப்பட்ட நண்பர்கள் பலரும் சொன்னது, "அதான் டர்போ வேண்டாம்னு சொன்னோம், வி8 வாங்கியிருக்கலாம்ல" என்பதுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. டொயோட்டா 2024 மே மாதம் சுமார் ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்சஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது உண்மை. ஆனால் காரணம் டர்போ இல்லை. இன்ஜினைக் கடையும்போது உள்ளே தங்கிப்போன உலோகத் துகள். அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைக்காக ஏறக்குறைய ஆறு லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அது டர்போவே இல்லாத 6.2 லிட்டர் வி8. ஆலையில் நடந்த தவறு எந்த இன்ஜினையும் சாய்க்கும். ஆலை சரியாகச் செய்து கொடுத்த டர்போ இன்ஜினை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்பதுதான் என் வண்டியில் நடந்தது: உரசிய ஹோஸ், தேய்ந்த பிளக், தரம் குறைந்த பெட்ரோல். மைல் கணக்கைப் பார்த்தேனே தவிர, அதில் எத்தனை மைல் மேட்டில் பாரத்தோடு ஓடியது என்று பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே டில்லன், அதே டிரெய்லர், அதே ஏற்றம். சில்வர்தோர்னைத் தாண்டும்போது மகள் போனை எடுத்துக்கொண்டாள். டோ மோடில் 3,800 ஆர்பிஎம், வேகம் 50-ல் நின்றது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து ஆறு டன். 7 சதவீதச் சரிவில் அந்த வேகத்துக்கு, மேட்டைத் தாண்ட மட்டுமே 120 குதிரைத்திறன் வேண்டும், காற்றின் எதிர்ப்பு தனி. "கேக்கறது 17, கிடைக்கறது 16.6" என்று சுரங்கம் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். கூலன்ட் 103 டிகிரியைத் தாண்டவில்லை. இன்டர்கூலருக்குப் பிறகு காற்று 44. மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஆறு சிலிண்டரிலும் பூஜ்யம்.

சுரங்கத்தைக் கடந்ததும் லவ்லாந்து பனிச்சறுக்கு இடத்துக்குப் பிரியும் வழியில் ஒதுங்கினேன். மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, டர்போ ஆறிய பிறகு அணைத்தேன். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ் உலர்ந்திருந்தது, பிசுக்கு இல்லை, உறை நகரவில்லை. எழுந்திருக்கும்போது டர்போ பக்கத்து ஹோஸும் கண்ணில் பட்டது. இன்னொரு தாங்கியைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் அதன் மேல்தோல் மங்கி, சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. அதற்கும் ஆர்டர் போட்டாயிற்று. வரும் சனிக்கிழமை மாட்ட வேண்டும்.